வேலை முடிகிற மாதமே வீடு மாறுகிற மாதம்

மேகமலைக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு மே, ஜூன் என்றால் குளிர்காற்று, மூடுபனி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலை. அங்கேயே பிறந்து வளர்ந்து கொழுந்து பறிக்கும் குடும்பங்களுக்கோ அந்த இரண்டு மாதமும் மூச்சுவிட நேரமில்லாத காலம். பிளஸ் டூ ரிசல்ட் மே முதல் பாதியில் வந்துவிடும். அதன் பின்னாலேயே பத்தாம் வகுப்பு ரிசல்ட். கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும், டி.சி. வாங்க வேண்டும், சாதிச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட அக்கினிச் சட்டியைச் சித்திரைத் திருவிழாவில் எடுத்துவிட்டு வந்த கையோடு, வைகாசி முகூர்த்தத்தில் மூத்த மகளுக்குக் கல்யாணம். கோடை மழை விழுந்ததும் செடியில் கொழுந்து மளமளவென்று வருவதால் தோட்டத்தில் லீவு கேட்கவும் முடியாது. இத்தனைக்கும் நடுவில் வீட்டில் ஒருவருக்கு 58 வயது நிறைந்துவிட்டால், அத்தனை வருடம் குடியிருந்த வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

ஊர்நாட்டில் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் மறுநாள் காலையும் அதே திண்ணையில்தான் காபி குடிப்பார். மலையில் அப்படி இல்லை. வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி, மருந்து வாங்கும் ஆஸ்பத்திரி, அவசரத்துக்குக் கைமாற்று தரும் பக்கத்து வீடு எல்லாம் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றை அவிழ்த்தால் மற்றவையும் அவிழ்ந்துவிடும். ஒரே பருவத்தில் இத்தனை மாற்றங்களையும் இந்தக் குடும்பங்கள் எப்படிக் கடக்கின்றன, அந்தச் சுமையை எங்கே இறக்கி வைக்கலாம் என்பதைக் கீழே இருக்கும் நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏழு ஊர், ஒரே சாலை

சின்னமனூரைத் தாண்டித் தென்பழனி சோதனைச் சாவடியில் தொடங்குகிறது மலைப்பாதை. 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் சங்க இலக்கியத்தில் வரும் ஒரு பூவின் பெயர். மேலே ஏறினால் மேகமலை, ஹைவேவிஸ், மணலாறு, மேல்மணலாறு, மகாராஜாமெட்டு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று அடுத்தடுத்து ஏழு ஊர்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். எல்லாமே தேயிலையை நம்பி உருவான குடியிருப்புகள். ஹைவேவிஸ் பேரூராட்சிக்குள் வருபவை. பல காலம் குண்டும் குழியுமான தோட்டப் பாதையாகக் கிடந்த சாலைக்கு விடிவு வந்தது பிற்காலத்தில்தான். அதுவரை பிரசவ வலி எடுத்தாலும் பாம்பு கடித்தாலும் அந்தக் குழிகளில் குலுங்கித்தான் சின்னமனூருக்கு வந்து சேர வேண்டும்.

இந்த மலையிலிருந்து கீழே வரும் நன்மை கொஞ்சமல்ல. மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு அணைகளில் தேங்கும் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, 35 மெகாவாட் திறன் கொண்ட சுருளியாறு மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. வைகைக்கும் பிறப்பிடம் மேகமலை, வருசநாட்டு மலைத் தொடர்தான். 2021 பிப்ரவரியில் இந்தக் காடும் ஸ்ரீவில்லிபுத்தூர் காடும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம், இந்தியாவின் 51ஆவது.

தோட்டக் குடும்பத்தின் சிக்கலும் இந்த நில அமைப்பில்தான் இருக்கிறது. குடியிருக்கும் நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். அதைச் சுற்றி இருப்பது காப்புக்காடு. ஓய்வு பெற்றவர் ‘இங்கேயே ஓர் ஓரமாகக் குடிசை போட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்ல ஒரு சென்ட் இடம் கிடையாது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் தோட்ட நிர்வாகமே தர வேண்டும் என்று சொன்னது. அந்தச் சட்டம் பல தலைமுறைகளுக்குக் கூரை கொடுத்தது. ஆனால் அந்தக் கூரை வேலைக்குக் கொடுத்த கூரை. பேர்ப் பட்டியலில் பேர் இருக்கும்வரைதான் சாவி கையில் இருக்கும். அதனால்தான் தாய் ஓய்வு பெறும்போது மகனோ மருமகளோ தோட்டத்தில் பேர் பதிந்திருக்கிறார்களா என்பது குடும்பத்தின் முதல் கேள்வியாகிறது. பதிந்திருந்தால் வீடு நிற்கும். பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போயிருந்தால் வீடு போகும். பிள்ளைகளைப் படிக்க வைத்ததற்காகவே வீட்டை இழக்கிற நிலை அது.

கையில் வரும் பணம்

ஓய்வு பெறும் நாளில் பணம் வருகிறது என்பது பாதி ஆறுதல். எவ்வளவு, எப்போது என்பது தெரியாமல் காத்திருப்பது அதைவிடப் பெரிய கவலை. கணக்கு ஒன்றும் சிரமமானதல்ல. வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் பணிக்கொடையாக வர வேண்டும். ஓர் உதாரணத்துக்கு, கடைசியாக வாங்கிய தினக்கூலி 450 ரூபாய், சர்வீஸ் 30 வருடம் என்று வைத்துக்கொள்வோம். 450ஐ 15ஆல் பெருக்கினால் 6,750. அதை 30ஆல் பெருக்கினால் 2,02,500 ரூபாய். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அதையும் ஒரு முழு வருடமாகச் சேர்க்க வேண்டும். வேலை முடிந்து 30 நாளுக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும். தாமதமானால் வட்டியும் சேர வேண்டும். இது சட்டம் தரும் உரிமை. யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

பி.எஃப். பணம் தனி. பத்து வருடத்துக்குக் குறையாமல் சர்வீஸ் இருந்தால் 58 வயதிலிருந்து மாதாந்திர ஓய்வூதியமும் உண்டு. 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஆயிரம் ரூபாயில் ஒரு மாதம் ஓடாது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் தன் பேரில், தன் கணக்கில், யார் கையையும் எதிர்பார்க்காமல் வரும் பணத்துக்கு வயதான காலத்தில் தனி மரியாதை இருக்கிறது.

இந்தப் பணமெல்லாம் தடங்கும் இடம் ஒன்றுதான்: காகிதம். பதினாறு வயதிலோ பதினெட்டு வயதிலோ வேலைக்குச் சேர்ந்தபோது யாரோ ஓர் எழுத்தர் எழுதிக்கொண்ட பேர் ஒன்று. ஆதாரில் வேறொன்று. பாங்க் பாஸ்புக்கில் இனிஷியல் இல்லை. முத்துமாரி என்று தோட்டத்தில் பதிவான பெண் ஆதாரில் மாரியம்மாளாக இருப்பார். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்றும் ஜூன் 1 என்றும் போட்டுவிட்டிருப்பார்கள். வேலையில் இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. ஓய்வு பெறும் மாதத்தில்தான் ‘பேர் ஒத்துவரவில்லை’ என்று விண்ணப்பம் திரும்பும். அதைத் திருத்த ஒரு நாள் கீழே இறங்கினால் அன்றைய கூலி போய்விடும். பஸ்ஸை விட்டுவிட்டால் சொந்தக்காரர் வீட்டில் ராத்தங்க வேண்டும்.

அதனால் மலையில் அனுபவப்பட்டவர்கள் ஒரு வருடத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பி.எஃப். எண் எழுதிய சீட்டு, புருஷன் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், இரண்டு போட்டோ. அந்தப் பையை அரிசிப் பானைக்கு மேலே, எலி எட்டாத உயரத்தில் தொங்க விடுவார்கள். வருடம் முழுவதும் ஈரம் காயாத ஊரில் காகிதத்தைப் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றுவதே தனி வேலை. வெயில் அடிக்கிற நாளில் துணியோடு சேர்த்து அதையும் வாசலில் காயவைத்து எடுத்து வைப்பார்கள்.

முதலில் இறங்குவது பிள்ளைகள்

பெற்றோர் இறங்குவதற்கு முன்பே பிள்ளைகள் இறங்கிவிடுகிறார்கள். கல்லூரி என்றால் மலையை விட்டுத்தான் ஆக வேண்டும். 1956 முதல் கம்பம் பள்ளத்தாக்கின் பிள்ளைகளைப் படிக்க வைத்துவரும் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி ஒன்று. தேனியிலும் போடியிலும் வேறு கல்லூரிகள். தினம் போய்வர முடியாத தூரம். ஆகவே விடுதி, அல்லது சின்னமனூரில் இருக்கும் சித்தி வீடு.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு, 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன். பெரிய வீட்டுப் பிள்ளைக்கு அது கைச்செலவு. தோட்டத்துப் பெண்ணுக்கு அது பஸ் காசும் சோப்பும் நோட்டும். அதைவிட முக்கியம், ‘படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்துக்கு வா’ என்று யாரும் சொல்வதற்கு முன் ஒரு முறை யோசிக்க வைக்கிறது.

விடுதிக்குப் போகும் பெண்ணின் பெட்டியில் ஸ்வெட்டர் இருக்காது. மலையில் பிறந்து அதுநாள்வரை அதைக் கழற்றாதவளுக்கு உத்தமபாளையத்து வெயிலில் அது வேண்டியதில்லை. முதல் ஒரு மாதம் வியர்க்குரு, தூக்கமின்மை, கொசு. வீட்டில் என்ன கேட்டாலும் ‘நல்லா இருக்கேம்மா’ என்பதுதான் பதில். அந்தப் பதிலுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பது அம்மாவுக்குத் தெரியும்.

குட்டியானையில் ஏறும் வீடு

வீடு காலி செய்யும் நாளில் சின்னமனூரிலிருந்து குட்டியானை வரும். டாடா ஏஸ் வண்டிக்கு நம் ஊரில் அதுதான் பெயர். காட்டுயானை நடமாடும் பாதை என்பதால் இருட்டுவதற்கு முன் இறங்கிவிட வேண்டும். எனவே விடியற்காலையிலேயே சாமான் ஏற்றுவார்கள். முதலில் பீரோ, பிறகு இரும்புக் கட்டில், மேலே மூட்டை முடிச்சு. சாமி படங்களைத் துணியில் சுற்றி வீட்டுக்காரம்மா மடியிலேயே வைத்துக்கொள்வார். குளிருக்கு விறகடுப்பு வேண்டும் என்று அடுக்கி வைத்த விறகைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். கோழிகளைக் கூடையில் கவிழ்த்து எடுத்துப்போவார்கள். நாயை மட்டும் விட்டுவிட்டுப் போக மனம் வராமல் கடைசி நேரம் வரை பேச்சு ஓடும்.

வழியனுப்ப வரும் பெண்களின் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“மதினி, போன உடனே ஒரு போனப் போடு.”

“போடாம? நீ மேட்டுக்கு வந்து நில்லு, அங்கனதான டவர் கெடைக்கும். ராத்திரி ஏழு மணிக்குப் போடுறேன்.”

“காலு வீக்கத்துக்கு மாத்திரை எடுத்துக்கிட்டியா?”

“எடுத்தாச்சு ஆத்தா. அவரை நட்டிருக்கேன், பின்னால பந்தல்ல. காய்ச்சா நீயே பறிச்சுக்க.”

முப்பது வருடம் ஒரே வரிசையில் குடியிருந்தவர்கள் பிரியும்போது பெரிய வார்த்தை எதுவும் பேசுவதில்லை. மாத்திரை, அவரைக்காய், போன். அவ்வளவுதான் பேச்சு, அக்கறை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

கீழே வந்த பிறகு

சின்னமனூரிலும் ஓடைப்பட்டியிலும் வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். மலையில் வாடகை என்று தனியாக எடுத்து வைத்துப் பழக்கமில்லாத குடும்பத்துக்கு மாதா மாதம் ஐந்தாம் தேதி என்பதே புதுப் பாரம். ஊற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கம்பளி போர்த்திப் படுத்தவர்களுக்கு ஃபேன் இல்லாமல் தூக்கம் வருவதில்லை. கரண்ட் பில் கட்ட வேண்டும்.

ஆனால் பள்ளத்தாக்கு வேலைக்குப் பஞ்சமில்லாத பூமி. முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து இந்த மண்ணின் நாட்காட்டியே அந்தத் தண்ணீர்தான். ஜூன் முதல் வாரத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலில் நாற்றங்கால் தயாராகும். வாழைத் தோப்புகளில் தார் வெட்டும் வேலை. திராட்சைத் தோட்டங்களில் கவாத்தும் குலை வெட்டும் வருடம் முழுவதும் ஓடும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொழுந்து பறித்த விரலுக்குத் திராட்சைக் குலையைச் சிதைக்காமல் எடுப்பது ஒன்றும் புதிய வித்தையல்ல. 58 வயதில் ஓய்வு என்பது காகிதத்தில்தான். உடம்பில் தெம்பு இருக்கும் பெண்கள் ஒரு மாதத்துக்குள் ஏதாவதொரு தோட்டத்து வேனில் ஏறிவிடுகிறார்கள்.

இதோடு வேறு சில வேலைகளையும் முதல் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். ரேஷன் கார்டில் முகவரி மாற்றம், வாக்காளர் பட்டியலில் இடம் மாறியதற்கான படிவம் 8, ஆதாரில் புது முகவரி, ஓய்வூதியத்துக்கு வருடத்துக்கொரு முறை உயிர்வாழ் சான்று. இதில் ஒன்றை விட்டாலும் ஆறு மாதம் கழித்து அது வேறொரு கவுண்டரில் வந்து மறிக்கும்.

2023 கோடை கற்பித்தது

மலையும் பள்ளத்தாக்கும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கிடக்கின்றன என்பதை 2023 கோடையில் எல்லோரும் பார்த்தோம். கேரளத்தின் சின்னக்கானலில் ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, மே மாதத்தில் மேகமலைப் பக்கம் வந்தது. சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை போட்டார்கள். தோட்டத்தில் வேலைக்குப் போவதற்கும் பயம், இருட்டிய பிறகு வாசலுக்கு வரவும் பயம். மே 27 அன்று அது கம்பம் நகருக்குள்ளேயே புகுந்தது. 144 தடையுத்தரவு. ஜூன் 5 அதிகாலை மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு-முண்டந்துறைக் காட்டின் மேல் கோதையாறு பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அதே ஜூனில்தான் வெயில் காரணமாகத் தள்ளிப்போன பள்ளித் திறப்பு 12ஆம் தேதி நடந்தது. 15ஆம் தேதி, பன்னிரண்டு வருடமாக ரயிலே பார்க்காத போடிநாயக்கனூருக்கு அகலப் பாதையில் ரயில் வந்தது.

ஒரே மாதத்துக்குள் யானை, ஊரடங்கு, பள்ளி, ரயில். அந்த நாட்களில் மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் ஒருவருக்கொருவர் செய்த காரியம் ஒன்றுதான்: தினமும் சேதி சொன்னார்கள். ‘இன்னிக்கு எங்க நிக்குது?’ ‘பஸ் வந்துச்சா?’ ‘பிள்ளைய அனுப்பாத, ரெண்டு நாள் பொறு.’ சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஒருவர் நின்று கேட்டு வரிசை முழுவதற்கும் சொன்னார். அரசின் அறிவிப்பு வந்து சேர்வதற்குள் அண்டை வீட்டின் அறிவிப்பு சேர்ந்துவிட்டது. வாழ்க்கை தலைகீழாகும் பருவத்தில் ஒரு குடும்பத்தைச் சாயாமல் நிறுத்துவது இந்தச் சின்னச் சின்ன விசாரிப்புகள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேலே மழையா, கீழே தண்ணீர் திறந்தாச்சா, பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கும்வரை, வீடு மாறினாலும் ஊர் மாறியதாக ஆகாது.

செய்ய முடிந்தவை

இன்னொரு மலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. நெல்லையின் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள், 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் உருவானவை. குத்தகை 2028இல் முடியும் நிலையில், 2024இலேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்கப்பட்டது. நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் ஒரே பருவத்தில் வேலை, வீடு, பள்ளி எல்லாவற்றுக்கும் மாற்று தேடி நின்றன. நீதிமன்றம் வரை விவகாரம் போனது. மேகமலையின் நிலைமை வேறு. இங்கே தோட்டம் நடக்கிறது. ஆனால் ஓய்வு பெறும் ஒவ்வொருவரும் தனித்தனியாக, சத்தமில்லாமல், தம் அளவில் ஒரு மாஞ்சோலையைக் கடக்கிறார்கள்.

அதனால் சில காரியங்களைக் கூட்டாகச் செய்தாக வேண்டும். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே தொழிலாளியின் பேர், பிறந்த தேதி, பி.எஃப். எண் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முகாம் மலையிலேயே நடக்க வேண்டும். தாலுகா அலுவலகமும் இ-சேவையும் மாதம் ஒரு நாள் ஹைவேவிஸுக்கு ஏறி வந்தால் நூறு பேரின் கூலி மிச்சமாகும். ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பள்ளத்தாக்கில் வீட்டுமனைப் பட்டா முன்னுரிமையில் கிடைக்க வேண்டும். அவர்கள் பறித்த கொழுந்தில் நாடு தேநீர் குடித்திருக்கிறது. பள்ளி மாறும் பிள்ளைக்குக் கல்வியாண்டு முடியும்வரை வீட்டைக் காலி செய்யச் சொல்லாமல் அவகாசம் தர வேண்டும். ஏப்ரலில் ஓய்வு என்றால் மே இறுதி, ஜூலையில் ஓய்வு என்றால் அடுத்த ஏப்ரல். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. நிர்வாகமும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து பேசினால் போதும்.

அரசும் நிர்வாகமும் செய்யும்வரை காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ உங்கள் தெருவுக்கு இந்த ஜூனில் மலையிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தால், நீங்களாகப் போய் வாசலில் நின்று பேசுங்கள். எந்த ரேஷன் கடை, எந்த நாளில் தண்ணீர் வரும், எந்த டாக்டர் காசு பார்க்காமல் வைத்தியம் செய்வார், திராட்சைத் தோட்டத்து வேன் எந்த முக்கில் நிற்கும் என்று சொல்லுங்கள். அவர்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண் இருந்தால் பஸ் நேரத்தை எழுதிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் விசாரியுங்கள். புது ஊரில் காலூன்ற அவர்களுக்கு முதலில் வேண்டியது அந்த விசாரிப்புதான்.